கலப்பினப் பிரிவு

நாலு நாளைக்கு முன்பே குளிப்பாட்டிவிட வேண்டும்.
முந்தின நாள் குளிப்பாட்டினால் கம்பளியில் எண்ணெய் ஏறாது,
செத்த பஞ்சு மாதிரி நிற்கும்,
என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.
மன்னவனூரில் வெயில் எந்த நாள் வரும் என்று
அவர் சொல்லவில்லை.

வெந்நீர் மூன்று அண்டா.
என் தலைக்கு வாங்கிவைத்த ஷாம்பு பாக்கெட் பதினொன்று.
முதல் தண்ணீர் பூண்டுக்காட்டு நிறத்தில் ஓடியது,
இரண்டாவது டீ.
மூன்றாவதில்தான் என் விரல்கள் எனக்குத் தெரிந்தன.

பிறகு மழை பிடித்துக்கொண்டது.
கொட்டாய் சொதசொத.
கிடாவை வீட்டுக்குள் கட்டினோம்.
அடுப்போரம் என்றால் புகையில் மஞ்சளாகும்,
கதவோரம் என்றால் சாரல்.
நடுவீட்டில் அது நின்றது,
சுவரோரம் நாங்கள் ஒண்டிக்கொண்டோம்.
பழைய நைட்டியைப் பிரித்து மேல்சட்டை தைத்தேன்,
ஊதாப்பூப் போட்டது.
போட்டுவிட்டதும் என்னைப் பார்த்தது பாருங்கள்.
இரவெல்லாம் அசைபோடும் சத்தம்,
இருட்டில் யாரோ ஈரத்துணி கசக்குவதுபோல.

பேரிமரம் கவாத்துப் பண்ணும் கத்தரியால் குளம்பு சீவினோம்.
முதுகு சமமாக இருக்க வேண்டுமாம், பலகை போல.
நான் எட்டப் போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு
'இடப்பக்கம் மேடு' என்பேன்.
வேலப்பன் வெட்டுவார்.
'இப்ப வலப்பக்கம்.'
'இப்படியே போனா கிடா இருக்காது, கயிறுதான் இருக்கும்.'

அப்போதுதான் பின்தொடையில் அதைப் பார்த்தார்.
வெள்ளைக்குள் சிவப்பு முடி,
முப்பது நாற்பது இருக்கும், தேங்காய் நார் போல.
அப்பன் பண்ணைக் கம்பளிக் கிடா.
ஆத்தா, நான் ஒட்டன்சத்திரம் சந்தையில் வாங்கி
வேனில் மடியில் வைத்துக் கொண்டுவந்த செம்முடிக் குட்டி.
'பிடுங்கிறலாமா' என்று இடுக்கியை எடுத்தார்.
நாலைந்து பிடுங்கியும் விட்டார்.
கிடா காலை உதறியது.
நான் இடுக்கியை வாங்கி
அரிசிப்பானைக்குள் போட்டு மூடினேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

பந்தலில் விண்ணப்பத் தாள் கொடுத்தார்கள்.
பெயர், ஊர், காதுவில்லை எண்,
இனம்.
மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது
இதே மாதிரி ஒரு கட்டத்தில் அவர் பேனா
ரொம்ப நேரம் நின்றது.
இங்கே 'கலப்பு' என்று ஒரே இழுப்பில் எழுதி
அடிக்கோடும் போட்டார்.

'கலப்பில்தான் வீரியம்!' என்றது மைக்.
'நோய் தாங்கும், எடை கூடும், குட்டி பிழைக்கும்!'
சனம் கைதட்டியது.
மூன்றாம் வரிசையில் அவருடைய சித்தப்பாவும் தட்டினார்,
ஒன்பது வருஷமாக
எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாத கைகள்.

கைதட்டலுக்கு மிரண்டு கிடா கயிற்றை உருவிக்கொண்டு ஓடியது.
நாற்காலிகள் சரிந்தன. மோர்ப்பானை போயிற்று.
பிடித்தது அவர்தான்,
இரண்டு கையாலும், கழுத்துக் கம்பளியைச் சேர்த்து அணைத்து.
நான் மூச்சிரைக்கப் போய் நின்றேன்.
அவர் உள்ளங்கையை முகர்ந்தார்.
'என்ன ஷாம்புடா இது' என்று
கிடாவிடம் கேட்டார்.
நான் சொன்னேன்.
ஒரு ரூபாய்தானா, என்று அதையும்
கிடாவிடமே கேட்டுவிட்டுக் கயிற்றைத் தரையில் வைத்தார்.
எடுத்துக்கொண்டேன்.

நடுவர் பல் பார்த்தார். விதை பிடித்துப் பார்த்தார்.
தோளில் இரண்டு கையாலும் வகிடெடுத்தார்.
உள்ளே வெண்ணெய் நிறம், நெளிநெளியாக;
நானே அவ்வளவு ஆழம் பார்த்ததில்லை.
'அருமை' என்றார்.
பிறகு பின்னால் போனார்.
குனிந்தார்.
'தொடையில முடி கலந்திருக்கும்மா.'
'ஆமாங்க' என்றேன். 'அது அவங்க அம்மா.'
சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார்.

முதல் பரிசு கவுஞ்சிக்குப் போனது.
எங்களுக்கு இரண்டாவது: ஒரு மருந்துத் தெளிப்பான்,
மூடியில் விரிசல்.

மேட்டில் ஏறும்போது கயிற்றை அவிழ்த்துவிட்டோம்.
பத்தடி நடந்தது, ஓடைச்சேற்றை மோந்தது,
பிறகு பதினொரு பாக்கெட்டையும் மறந்து
முதுகு படப் புரண்டது.
வேலப்பன் தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.
அவசரமில்லை.
நாளைக்குப் பூண்டு பிடுங்க ஆள் வருகிறது,
அரிசிப்பானைக்குள் இடுக்கி கிடக்கிறது,
அதை எடுக்க மறக்கக் கூடாது.